வெளிநாட்டிலும் கடலிலும் ஆள் இருக்கிற வீட்டுக்கு எது குடும்பப் படம்?

நாகர்கோவில் விமர்சகர் எழுதியது:

சென்ற இரண்டு ஆண்டுகளில் பார்த்த படங்களைப் பற்றி எழுதும்படி இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு கேள்வியோடுதான் திரையரங்குக்குப் போகிறேன்: வீட்டில் இல்லாத ஆளை இந்தப் படம் எப்படிக் காட்டுகிறது?

இந்தக் கேள்வி எனக்குச் சொந்த ஊர் தந்தது. அண்ணன் மஸ்கட்டில், மைனி பிள்ளைகளோடு இங்கே. பக்கத்து வீட்டுப் பெண் செவிலியர் வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடற்கரையில் உறவு உள்ளவர்களுக்கு இன்னும் சொல்லவே வேண்டாம். இரண்டு மாடி, கிரானைட் தரை, வாசலில் பெரிய இரும்புக் கதவு, உள்ளே ஒரு வயதான தாய் மட்டும். இப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் கூடி நின்று சிரிக்கும் சுவரொட்டியைப் பார்த்துக் குடும்பப் படம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்ததில் என்னை அதிகம் உலுக்கியது பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் அஸ் லைட்’. 2024இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற படம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அதில் வரும் ஓர் அரிசிக் குக்கர். மும்பை மருத்துவமனையில் வேலை செய்யும் மலையாளிச் செவிலியர் பிரபா. திருமணம் முடிந்ததும் கணவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், பேச்சே நின்றுபோயிற்று. ஒருநாள் வீட்டுக்கு ஒரு குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை, கடிதம் இல்லை. இரவில் அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அந்த இடத்தில் அழவில்லை. சிவப்பாக மினுங்கும் அந்தப் பாத்திரத்தை மடியோடு அணைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது என் மைனியின் முகம் எப்படி இருந்தது என்பதை அன்றுதான் நான் நினைத்துப் பார்த்தேன். பெட்டியில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்றே அதுவரை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ‘மெய்யழகன்’. பிரேம்குமாரின் இந்தப் படத்தில் இல்லாமல் போனது ஆள் அல்ல, வீடு. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறான். மேடையில் தங்கைக்கு நகைகளை ஒவ்வொன்றாக அணிவிக்கும் காட்சியில் அரவிந்த்சாமியின் கைகளைப் பாருங்கள். படம் வெளியான சில நாட்களில் நீளம் என்று சொல்லி ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டினார்கள். அது தவறான வேலை என்று இன்றும் சொல்வேன். இரவு முழுக்கப் பேசுவதுதான் அந்தப் படம். பேச்சைக் குறைத்தால் உறவைக் குறைத்ததாகிவிடும்.

பெரிதும் பேசப்பட்ட ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, ‘3 பிஹெச்கே’ இரண்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இரண்டிலும் குடும்பம் எப்போதும் ஒரே அறையில் இருக்கிறது. நல்லவர்கள் கூடி நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பச் சொல்கின்றன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் கடைக்காரர் எழுதியது:

அண்ணே, உங்கள் எழுத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியாது. குடும்பப் படம் என்ற சொல்லை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் விருது மேடையில் வைத்துவிட்டீர்கள். எங்கள் அம்மைக்கு எழுபத்திரண்டு வயது. மகனைப் பார்த்து மூன்று ஆண்டுகளாகிவிட்டன. அவளைக் கூட்டிப்போய், கணவனைக் காணாத பெண் குக்கரைக் கட்டிப்பிடிப்பதைக் காட்டச் சொல்கிறீர்களா? அதை அவள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

‘குடும்பஸ்தன்’ படத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன்மேல் கடன் வாங்கும் அந்தப் பையனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பும்போது குழித்துறைப் பாலத்தில் பஸ் நின்றபோது மட்டும் கேட்டாள்: “உனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது?” நான் மறைத்து வைத்திருந்த தொகையை அன்றைக்குத்தான் சொன்னேன். சிரிக்க வைத்த படம்தான் அந்தக் கேள்வியை அவள் வாயில் கொண்டு வந்தது. ‘குடும்பஸ்தன்’ பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வருத்தம்.

நாகர்கோவில் விமர்சகர் எழுதியது:

விட்டது என் பிழைதான். ‘குடும்பஸ்தன்’ பணத்தின் கணக்கைச் சரியாகப் போடுகிறது. யாரிடம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. நம் படங்களில் கடன் என்பது பெரும்பாலும் ஒரு சொல்லாக வரும். மணிகண்டன் நடித்த இந்தப் படத்தில் அது தொலைபேசி மணியாக வருகிறது. பஸ்ஸில் உங்கள் அம்மை கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். ஆனால் துக்கம் உள்ளவர்களுக்குத் துக்கப் படம் வேண்டாம் என்று நாமே முடிவெடுத்துவிடலாமா? அதை அவர்களிடம் கேட்க வேண்டாமா?

கருங்கல் செவிலியர், இப்போது குவைத்தில், எழுதியது:

கேட்க வேண்டும் என்கிறீர்கள், நான் சொல்கிறேன். இங்கே எங்கள் விடுதி அறையில் நான்கு பேர் சேர்ந்து ‘ஆல் வி இமாஜின் அஸ் லைட்’ படத்தைப் பார்த்தோம். இரண்டு பேர் பத்தனம்திட்டா, ஒருத்தி கோட்டயம், நான் கருங்கல். மலையாளத்தில் வசனம் ஓடும்போது திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி உண்டு.

அண்ணன் குக்கரைப் பற்றி எழுதினார். பெட்டியைப் பெறுகிறவளின் பக்கத்திலிருந்து எழுதினார். நான் பெட்டியை அனுப்புகிறவள். வீட்டில் இல்லாத அந்த ஆள் நான்தான். என் மகன் என்னிடம் தொலைபேசியில் பேசும்போது கண்ணை விளையாட்டிலிருந்து எடுப்பதில்லை. வெளிநாட்டுக்குப் போன ஆண் என்றால் படம் எடுக்கிறார்கள், பாட்டு எழுதுகிறார்கள். போன பெண்ணைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல படம் சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் எங்களை நிறுத்தி வைத்த இடம் வேறு. பணி முடிந்து ரயிலில் பிரபா கம்பியைப் பிடித்தபடி நிற்கும் நேரம். எந்தக் கதையும் நடக்காத நேரம். பன்னிரண்டு மணி நேரப் பணிக்குப் பிறகு பஸ்ஸில் எங்களுடைய முகமும் அப்படித்தான் இருக்கும். கோட்டயத்துக்காரி படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சாயா போட்டாள். அதைக் குடித்துவிட்டுத்தான் மீதியைப் பார்த்தோம்.

வள்ளவிளை வாசகி எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையின் தலைப்பில் கடல் என்ற சொல் இருந்ததால் வந்தேன்.

வால்டர் சாலஸ் இயக்கிய ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’ என்ற பிரேசில் படத்தைக் கல்லூரித் தோழி சொல்லிப் பார்த்தேன். 2025இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. 1971இல் ராணுவ ஆட்சிக்காரர்கள் ரூபன்ஸ் பைவா என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஐந்து பிள்ளைகளோடு மனைவி யூனிஸ் வாழ்ந்து, சட்டம் படித்து, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 1996இல் அவருடைய இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்குகிறார். அந்தத் தாளைத் தூக்கிக் காட்டும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

அது எங்கள் கடற்கரைக்குப் புரியும். 2017 நவம்பர் 30 ஓகிப் புயலில் கடலில் நின்றவர்களில் என் மாமாவும் ஒருவர். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஏழு ஆண்டு. கணக்கு எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் நாள் ஒன்று வருமே, அந்த நாளில் எங்கள் அத்தை பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டது: “நான் போட்டால்தான் அவர் செத்ததாக ஆகுமா?” அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை.

படத்தில் யூனிஸ் பிள்ளைகளை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போகிறார். சுற்றிலும் மற்றக் குடும்பங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கின்றன. யூனிஸ் அவர்களைப் பார்க்கிறார். ஒரு வசனமும் இல்லை. ஓகிக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அத்தை பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கக் களியக்காவிளைக்குப் போனாள். நானும் உடன் போனேன். துணிக்கடையில் அவள் நின்ற நிலை அதேதான். மார்த்தாண்டத்து அண்ணனுக்குச் சொல்கிறேன், அந்தப் படத்தை அத்தைக்குக் காட்டினேன். போர்ச்சுகீசிய மொழி, எழுத்துகளை நான் படித்துச் சொன்னேன். முடிந்ததும் அவள் கேட்டது, “அந்த அம்மை கடைசி வரைக்கும் இருந்தாளா?” இருந்தாள், எண்பத்தொன்பது வயது வரை இருந்தாள் என்று சொன்னேன். சரி என்று எழுந்து போய் மீனைக் கழுவத் தொடங்கினாள்.

குலசேகரம் வாசகர் எழுதியது:

தங்கச்சியின் பதிவுக்குப் பிறகு எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டாம் என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். விம் வெண்டர்ஸ் இயக்கியது. நடித்த கோஜி யாகுஷோவுக்கு 2023இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. டோக்கியோவில் பொதுக் கழிவறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவர். விடியும் முன் எழுகிறார், கேசட்டில் பாட்டுக் கேட்கிறார், மர இலைகளுக்கு நடுவே வரும் வெளிச்சத்தைப் படம் பிடிக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கழிவறைகள் எல்லாம் பெரிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. அழுக்கே இல்லை. அவருக்கு முதுகு வலிக்கவே இல்லை. எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் வாழைத்தோட்டத்தில் குலை சுமந்தவர். தலையில் சும்மாடு வைத்து ஏத்தன் குலையைத் தூக்கினால், கறை வழிந்து சட்டையில் பழுப்பாகப் பிடிக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மை அந்தச் சட்டைகளைத் தனியாகத் துவைப்பாள்.

அதனால்தான் ‘வாழை’ என்னைப் பிடித்துக்கொண்டது. மாரி செல்வராஜ் தான் சுமந்ததை எடுத்தார். பையனுக்குக் கழுத்து வலிக்கிறது, அவன் வேலைக்குப் போகாமல் இருக்க என்னென்னவோ செய்கிறான். குலைக்குக் கூலி உயர்த்திக் கேட்கிறார்கள். அவர்கள் தார் என்கிறார்கள், நாம் குலை என்கிறோம், பாரம் ஒன்றுதான். உழைப்பவன் மன அமைதியோடு இருப்பதைப் பார்த்து உழைக்காதவன் நிம்மதி அடைவதற்கு ஒரு படம் தேவையில்லை.

நாகர்கோவில் விமர்சகர் எழுதியது:

குலசேகரத்து நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ அந்தக் கழிவறைத் திட்டத்தைப் பிரபலப்படுத்த எண்ணியதிலிருந்து பிறந்த படம்; அதனால் அழுக்கை ஒதுக்கியதும் உண்மை. ஆனால் அதில் தங்கை காரில் வந்து இறங்கும் காட்சி ஒன்று உண்டு. நீ உண்மையிலேயே கழிவறை சுத்தம் செய்கிறாயா என்று அவள் கேட்பாள். அவர் ஆம் என்பார். அவள் போன பிறகு அவர் உடைந்து அழுகிறார். எந்த வீட்டிலிருந்து அவர் வெளியேறினார், தந்தை என்ன செய்தார் என்று படம் சொல்வதில்லை. அந்த அமைதிக்கு அடியில் ஒரு வீடு இடிந்து கிடக்கிறது. நான் அதைப் பார்த்தேன். உங்கள் அம்மை தனியாகத் துவைத்த சட்டைகளையும் ஒருவர் படமாக எடுக்க வேண்டும் என்பதே என் ஆசையும்.

வள்ளவிளைத் தங்கச்சிக்கு: அந்தப் படத்தில் முதுமை அடைந்த யூனிஸாகச் சில நிமிடங்கள் வருபவர், கதாநாயகி ஃபெர்னாண்டா டோரஸின் சொந்தத் தாய் ஃபெர்னாண்டா மாண்டினீக்ரோ. உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெருமாள்புரம் பக்கத்துக்காரர் எழுதியது:

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை மிகவும் பிடித்தது. அறிமுக இயக்குநர், 2025 மே 1 வெளியீடு, சண்டை இல்லை, சசிகுமாரும் சிம்ரனும் ஈழத்துப் பேச்சைக் கேலியாக்காமல் பேசினார்கள். தமிழ்த் திரையில் ஈழத்தமிழர் அடுப்பில் உலை வைத்துக்கொண்டு, பிள்ளையைத் திட்டிக்கொண்டு சாதாரணமாக இருப்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாவது முறை பள்ளித் தோழன் ஒருவனுடன் பார்த்தேன். அவன் இங்கே ஈழத்தமிழர் அகதி முகாமில் பிறந்தவன். 2021இல் அரசு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நாங்கள் பேச்சில் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறோம். அவனுடைய வீடு பத்துக்குப் பத்து. எங்கே போனாலும் கணக்கெடுப்பு நாளுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். படத்தில் குடும்பம் படகில் வந்து, சென்னைத் தெருவில் வீடு எடுத்து, தெருவையே நல்லதாக்கிவிடுகிறது. இடைவேளையில் அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “எங்களுக்கும் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.” கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதற்குப் பிறகு படம் பாதிதான் ஓடியது. ஆனாலும் அவனுடைய அம்மா அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தக்கலை ஆசிரியை எழுதியது:

பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே. குடும்பத்தில் அவர்களும்தானே இருக்கிறார்கள்.

‘ஃப்ளோ’ என்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படத்தை என் இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீட்டில் போட்டுக் காட்டினேன். ஒரு வசனம்கூடக் கிடையாது. வெள்ளம் ஏறுகிறது, ஒரு பூனை, நாய், இன்னும் சில விலங்குகள் ஒரே படகில். கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் என்ற இளைஞர், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் சிறு குழுவோடு செய்து ஆஸ்கர் வாங்கினார். பெரிய நிறுவனங்களின் படங்களில் விலங்குகள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். இதில் பூனை பூனையாகவே இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்ததை என் மகள் அன்றைக்கு முதல்முறையாகப் பேசினாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்கு நினைவிருக்கும் என்றே நான் எண்ணியிருக்கவில்லை. ஓடிப்போன எங்கள் கோழிகளின் பெயர்களைக்கூடச் சொன்னாள்.

களியக்காவிளை மாணவர் எழுதியது:

எல்லோரும் வீட்டில் போட்டுப் பார்த்ததையே எழுதுகிறீர்கள். அதுதான் என் வேதனை. ‘கொட்டுக்காளி’ வெளியானபோது பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டு ஒரு திரையரங்குக்குப் போனேன். நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று காட்சியை ரத்து செய்து பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 23, அதே நாளில்தான் ‘வாழை’யும் வந்தது. ஒன்று ஓடியது, ஒன்று போய்விட்டது.

பின்னணி இசையே இல்லாத படம் அது. ஆட்டோ இரைச்சல், கட்டிப்போட்ட சேவல், சூரியின் கட்டிய தொண்டை, அதில் பூசிய சுண்ணாம்பு. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனா கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. பேய் பிடித்ததாகச் சொல்லி, அவளை மணக்கவிருக்கும் சூரியும் வீட்டாரும் அவளைச் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். இப்படி ஒரு படத்தைக் கைப்பேசியில் பார்த்தால் காக்கைச் சத்தம் எங்கள் தெருவுடையதா படத்துடையதா என்று தெரியவில்லை. ஒரு சந்தேகம்: கடைசியில் கேள்வியைச் சூரியின் பாத்திரத்திடம் விட்டது சரிதானா? மீனாவிடம் அல்லவா விட்டிருக்க வேண்டும்?

நாகர்கோவில் விமர்சகர் எழுதியது:

தம்பி, இயக்குநர் வினோத்ராஜ் அதைத் தெரிந்துதான் செய்தார் என்று நினைக்கிறேன். மீனா முடிவெடுத்துவிட்டாள், படம் தொடங்கும் முன்பே எடுத்துவிட்டாள். மாற வேண்டியவன் அவன். ஆனால் உங்கள் கேள்வி என்னை விடவில்லை, இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரிய திரை விஷயத்துக்கு வருகிறேன். சென்னை நமக்கு எழுநூறு கிலோமீட்டர். திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து எழுபதுகூட இல்லை. உங்களுக்கு அதில் பாதிதான். அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. வள்ளவிளைத் தங்கச்சி சொன்ன பிரேசில் படம் 2024 விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகள் மூன்றும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. காலை வண்டியில் போய் மூன்று படம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். கருங்கல் தங்கச்சி கேட்டதுபோல், வெளியே போன பெண்ணைப் பற்றிய படம் பட்டியலில் இருந்தால் முதலில் அதற்குத்தான் இடம் பிடிப்பேன்.

வள்ளவிளை வாசகி எழுதியது:

அத்தையிடம் தாயும் மகளும் நடித்த செய்தியைச் சொன்னேன். “அதுதான் மூக்கு ஒன்றுபோல இருந்தது” என்றாள். டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் அவளால் வர முடியுமாம். குழித்துறையில் ஏறிக்கொள்கிறோம். எழுத்தைப் படித்துச் சொல்ல நான் பக்கத்தில் உட்கார வேண்டும், இரண்டு இடமும் சேர்ந்தாற்போல் கிடைக்குமா அண்ணே?

நாகர்கோவில் விமர்சகர் எழுதியது:

முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடலாம். அடையாள அட்டை விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே வேண்டாம். ஓரத்து இருக்கைகள் கிடைத்தால் மெதுவாகப் படித்தாலும் மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.